திருத்தித் தர ஆளில்லாத எழுத்து
வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை இளைஞர்களின் எழுத்தையும் பேச்சையும் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அப்படியிருந்தும் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குப் பத்து வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை. மேடையில் ஏற்றிவிட்டால் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச வரவில்லை. குறை பிள்ளைகளிடமா, எங்களைப் போன்ற ஆசிரியர்களிடமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தக்கலை

பதில்: முதலில் அந்த 91.75-ஐப் பார்த்துவிடுவோம். ஏழு வயது நிறைந்த ஒருவருக்கு ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால், கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு பெற்றவர். அவருக்குக் கடிதம் எழுத வருமா, ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒரு கருத்தை முழுமையாகச் சொல்ல வருமா என்று கணக்கெடுப்பு கேட்பதில்லை. ஆகவே அந்த எண்ணைக் கொண்டு நாம் பெருமைப்படலாம். எழுத்துத் திறனை அளக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டியவர்கள் ஊருக்குச் சிலர்தாம்; அவர்களுள்ளும் நன்றாக எழுதியவர்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இன்று ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகளும், விசைப்படகில் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் ‘தங்கல்’ தொழிலுக்குப் போகிறவரின் மகனும், முந்திரி ஆலைக்குப் போகிற தாயின் பிள்ளைகளும் கல்லூரியில் இருக்கிறார்கள். அன்றைக்குப் பொறுக்கியெடுத்த சிலரை நிறுத்தி, இன்றைய எல்லோரையும் அவர்களோடு அளந்து பார்ப்பது நியாயமாகாது.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் எழுதாததால் வந்த குறை அன்று அது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளை நிரப்பித் தள்ளும் குறிப்பேடுகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் அந்தப் பிள்ளை தானே யோசித்து எழுதிய வாக்கியங்கள் எத்தனை என்று தேடினால்தான் சங்கடம். கரும்பலகையிலிருந்து பெயர்த்தவை, துணைநூலிலிருந்து பெயர்த்தவை, தேர்வுக்காக நெட்டுருப் போட்டவை ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். ‘நான் விரும்பும் தலைவர்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே தலைவரை விரும்புகிறார்கள். துணைநூலில் இருப்பவர் அவர்தான்.

ஒருவருடைய எழுத்து திருந்துவது, அதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, ‘இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, இங்கே நீ சொல்ல வந்தது என்ன?’ என்று கேட்கும்போதுதான். அந்த ஆள் இன்றைக்கு இல்லை என்பதே என் வாதம். ஐந்து பிரிவுகளுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியரிடம் பிரிவுக்கு நாற்பது பேர் என்றால் இருநூறு கட்டுரைகள் சேரும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வகுப்பு, தேர்வுப் பணி, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றும் வேலை எல்லாம் போக அந்தப் பதினாறு மணி நேரத்தை அவர் எங்கே தேடுவார்? ஆகவே பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு சரிக்குறி விழுகிறது. தேதியும் கையொப்பமும் தவறாமல் இருக்கின்றன.

தேர்வும் இதற்கு ஒத்தாசை செய்தது. மேல்நிலை வகுப்புகளில் 2018-19 கல்வியாண்டிலும், பத்தாம் வகுப்பில் அதற்கடுத்த கல்வியாண்டிலும் மொழிப்பாடத்தின் இரண்டு தாள்களும் ஒரே தாளாக்கப்பட்டன. மாணவர் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் கடிதம், கட்டுரை, மொழிப்பயிற்சி ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு நாளும் ஒரு தாளும் இருந்த நிலை போய், அவை ஒரே தாளின் கடைசிப் பகுதியில் ஒண்டிக்கொண்டன. நேரம் போதாமல் மாணவர் விட்டுவிடுவதும், அவசரமாகத் திருத்துகிறவர் உட்தலைப்புகளை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

யார் குறை என்று கேட்டீர்கள். தேர்ச்சி விழுக்காட்டைத் தவிர வேறெதையும் கேட்டறியாத மேலிடத்துக்குப் பெரும்பங்கு. நேரம் இருந்த நாள்களிலும் சரிக்குறியோடு நிறுத்திக்கொண்ட ஆசிரியர்களுக்குச் சிறுபங்கு. பிள்ளைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ்ப் பகுதியில் மாதிரித் தேர்வுகளில் எப்போதும் நல்ல மதிப்பெண் எடுக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மனு எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. இது ஏன்?
– பட்டதாரி இளைஞர், அருமனை

பதில்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி நூறு வினாக்களும் 150 மதிப்பெண்களும் கொண்டது, அதில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மீதிப் பகுதியைத் திருத்துவார்கள். தமிழைக் கட்டாயமாக்கியது நல்ல ஏற்பாடு. ஆயினும் அந்த நூறு வினாக்களும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவை. எதிர்ச்சொல்லும் பிரித்தெழுதுகவும் சந்திப்பிழையும் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதை அது சோதித்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கத் தெரியுமா என்பதைச் சோதிப்பதில்லை. இரண்டாம் தொகுதியின் முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அங்கே போய்த் தடுமாறுகிறவர்களில் பலர் இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவர்கள்.

தாங்கள் அனுப்பியிருக்கும் மனுவின் வரைவைத் தங்கள் அனுமதியுடன் இங்கே எடுத்துக்காட்டுகிறேன்: “எங்கள் பகுதியில் கடந்த பல நாட்களாக குடிதண்ணீர் வராத காரணத்தினால் பொதுமக்கள் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகி வருவதால் ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ‘பல நாட்களாக’ என்பதற்குப் பின் ஒரு ‘க்’ விடுபட்டிருக்கிறது. அது பெரிய குற்றமன்று. பெரிய குற்றம், இந்த மனுவைத் தமிழ்நாட்டில் எந்தப் பேரூராட்சிக்கும் எந்த மாதத்திலும் கொடுக்கலாம் என்பது. எந்தப் பகுதி, எத்தனை நாள், எத்தனை வீடு என்று படிக்கிற செயல் அலுவலருக்கு எதுவும் தெரியாது. ‘ஆவன’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக வேண்டியது என்ன என்று சொல்லவில்லை. பணிவு மட்டும் தாராளமாக இருக்கிறது.

கடிதத்தின் பின்பகுதியில் தாங்களே எனக்கு விளக்கமாக எழுதியிருக்கும் செய்தியைக் கொண்டு அதைத் திருப்பி எழுதிப் பார்த்தேன்: “பள்ளிக்கூடத் தெருவின் மேற்கு முனையில் உள்ள பொதுக்குழாயில் மார்ச் 3 முதல் தண்ணீர் வரவில்லை. அதே தெருவின் கிழக்கு முனைக் குழாயில் நாள்தோறும் காலையில் தண்ணீர் வருகிறது. இரண்டுக்கும் நடுவே, சாலைப்பணிக்காகத் தோண்டிய இடத்தில் குழாய் உடைந்திருக்கலாம் என்று கருதுகிறோம். அந்த இடத்தைப் பார்வையிட்டுச் சரிசெய்து தரவும், அதுவரை லாரியில் தண்ணீர் வழங்கவும் வேண்டுகிறோம்.” இதில் என் சரக்கு எதுவும் இல்லை, தோண்டிய இடம் உட்பட எல்லாம் தாங்கள் சொன்னவை. மனு என்றதும் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கோ படித்த மாதிரிக் கடிதத்தைத் தேடிப் போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வருகிறவர்களில் பட்டம் பெற்றவர்களும் காசு கொடுத்து மனு எழுதி வாங்கிக்கொண்டு போவதைக் காணலாம். எழுதிக் கொடுப்பவர் முதலில் கேட்பது, ‘என்ன நடந்தது, எப்போது நடந்தது, இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பதுதான். இந்த மூன்றையும் தாமே தம்மைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தால் அந்தக் காசு மிச்சம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறான். இல்லையென்றால் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறான். இதனால் அவன் தமிழ் கெட்டுவிடாதா?
– இல்லத்தரசி, கருங்கல்

பதில்: முதலாவது கெடுக்கும், இரண்டாவது அவ்வளவாகக் கெடுக்காது.

ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ல, ள, ழ என்ற வேறுபாடும் ர, ற என்ற வேறுபாடும் ந, ன, ண என்ற வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. படிக்கிற நண்பன் இடம் பார்த்துப் புரிந்துகொள்வான். ஆனால் ‘அரை’ எது, ‘அறை’ எது என்ற நினைவு எழுதுகிறவனின் கையிலிருந்து மெல்ல நழுவும். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகைகளிலும் இதே தொல்லை உண்டு. சரியான சொல்லை அதுவே முன்னால் நீட்டுவதால், எந்த எழுத்து என்று யோசிக்கிற வேலை அவனுக்கு இல்லாமற்போகிறது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை இன்று கைபேசிகளிலும் கிடைக்கிறது. அதில் ழகரம் வேண்டுமானால் ழகரத்தைத்தான் தொட வேண்டும். சில நாள்கள் எரிச்சலாக இருக்கும். பிறகு ஆங்கில எழுத்தில் அடிப்பதைவிட விரைவாக வரும்.

பேசி அனுப்புவதைத் தடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை தானே கேட்கச் சொல்லுங்கள். ‘வந்து… அதாவது… இது என்னன்னா…’ என்று எத்தனை முறை இழுக்கிறோம் என்பது அவனுக்கே தெரியும். அவன் கேட்க மாட்டான் என்பது வேறு விஷயம். இந்த வயதில் எந்தப் பிள்ளை கேட்கும்?

கேள்வி: என் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். நாகர்கோவிலில் படிக்கிறேன். நான் பேசினால் மலையாளம் கலந்த பேச்சு என்று உடன் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். மன்றக் கூட்டத்தில் பேச ஆசையிருந்தும் எழுந்திருக்கத் துணிவில்லை.
– கல்லூரி மாணவி

பதில்: சிரிக்கிறவர்களுக்கு வரலாறு தெரியவில்லை, மகளே. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்களில் பெருந்தொகையினர் உன் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பேசிய தமிழும் உன்னுடைய தமிழ்தான். அதைக் குறை சொல்கிறவர்களின் நாஞ்சில்நாட்டுப் பேச்சை மதுரைக்காரர் கேட்டால் அவரும் சிரிப்பார்.

மேடைத் தமிழ் யாருக்கும் வீட்டுப் பேச்சு அன்று. எல்லோரும் தனியாகக் கற்றுக்கொள்வதே. பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தமிழகம் முழுவதும் கூட்டங்களை மணிக்கணக்கில் கட்டிப்போட்ட பேச்சாளர். வட்டார வழக்கு தடையென்றால், நம் மாவட்டத்தின் கடைக்கோடியில் இருந்து அப்படியொருவர் புறப்பட்டிருக்க முடியாது.

நீ பார்க்க வேண்டியது வேறொன்று. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்தபின், சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை ஊர்களின் இளைஞர்கள் ஒலிவாங்கிகளுக்கு முன் பேசியதை நினைத்துப் பார். பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் எதையும் பெற்றிராதவர்கள், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் படகுகள் நின்றன, காற்று எந்தத் திசைக்கு மாறியது, தேடும் கப்பல் எங்கே போயிருக்க வேண்டும் என்பதையெல்லாம் தாளைப் பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்கள். கடற்கரைப் பேச்சு அப்படியே இருந்தது. கேட்டவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் செய்தி தெரிந்திருந்தது; யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது. கல்லூரி மேடையில் திணறுகிற பலரிடம் இல்லாதவை இந்த இரண்டும்தான். ‘இன்றைய இளைஞர்களின் கடமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? எனக்கும் வராது.

முதல் முறை பேசும்போது உனக்கு நன்றாகத் தெரிந்த பொருளை எடுத்துக்கொள். ரப்பர் விலை விழுந்தால் உங்கள் ஊரில் என்னென்ன நடக்கும் என்று ஐந்து நிமிடம் பேசு. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதி வைத்துக்கொள்; நடுவே இருப்பதை எழுதாதே. எழுதினால் மனப்பாடம் செய்வாய். மனப்பாடம் செய்தால் ஓரிடத்தில் மறந்து நிற்பாய்.

கேள்வி: எனக்கு வயது இருபத்தாறு. பள்ளியில் தமிழைச் சரியாகப் படிக்கவில்லை. இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலை. தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. காலம் கடந்துவிட்டதா?
– இளைஞர், சொந்த ஊர் குளச்சல்

பதில்: இல்லை. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி பள்ளியில் தமிழ் படித்தவர் அல்லர். பதினெட்டு வயதையொட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். தமிழ் உரைநடையில் அவர் அடைந்த இடம் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவராகிவிட முடியாது. தொடங்கும் வயது ஒரு பொருட்டன்று என்பதற்காகச் சொன்னேன்.

நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்ற வழக்கமான அறிவுரையை நான் தர மாட்டேன். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அதைப் படித்துக் குறை சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பாராட்டுகிற நண்பர் வேண்டாம். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை, எழுதியதை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, பிறகு உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் சரியில்லை. எழுவாய் பன்மையாகவும் வினை ஒருமையாகவும் நிற்கும் ‘குழந்தைகள் வந்தது’ போன்றவை காதில்தான் முதலில் உறுத்தும்.

கேள்வி: கட்டுரை எழுதி வரச் சொன்னால் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிழையே இல்லை. நான் எதைத் திருத்துவது?
– தமிழாசிரியர், தோவாளை வட்டம்

பதில்: வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், வகுப்பிலேயே அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். தலைப்பும் செயலிக்குத் தெரியாததாக இருக்கட்டும்: இன்று காலை பேருந்தில் என்ன பேச்சு நடந்தது, பள்ளி வாயிலில் உள்ள கடையில் எது முதலில் விற்றுத் தீர்கிறது, மழை வந்தால் எந்த வகுப்பறை ஒழுகும். ஒரு வாரத்துக்கு ஒரு பிரிவில் எட்டுப் பேருடைய தாளை மட்டும் முழுமையாகத் திருத்துங்கள். நாற்பது பேரும் ஐந்து வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மற்றத் தாள்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றிப் படித்து, விளங்காத இடத்தில் கோடு போட்டால் போதும். துணைநூல் இருந்த காலத்திலும் பிழையில்லாத கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன; செயலி புதிதாகக் கொண்டுவந்தது வேகம் மட்டுமே.

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையில் இளைஞர்கள் கேரம் ஆடத்தான் வருகிறார்கள். அவர்களைப் பேசவும் படிக்கவும் வைக்க ஊரளவில் என்ன செய்யலாம்?
– வாசகசாலைப் பொறுப்பாளர், ஆரல்வாய்மொழி

பதில்: கேரம் ஆடட்டும், வருகிறார்களே, அதுவே பெரிது. புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன், நம் ஊர்களில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பாருங்கள். சாமித்தோப்பிலும், ஊர்தோறும் உள்ள அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களிலும், அவர்களின் புனித நூலான அகிலத்திரட்டை மக்கள் முன்னால் உரக்கப் படித்துப் பொருள் சொல்லும் ஏடு வாசிப்பு உண்டு. பதினேழு நாள் நடக்கும் திருஏடு வாசிப்பு பலரும் அறிந்தது. கத்தோலிக்க ஊர்களில் அன்பியம் எனப்படும் சிறு குழுக்களின் கூட்டங்களில் விவிலியப் பகுதியை ஒருவர் படிக்க, மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறார்கள். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர் விடிய விடியக் கதை சொல்கிறார். தூக்கம் தட்டும் நேரம் பார்த்துக் கதையை நிறுத்தி, ஊர்ச் செய்தி ஒன்றைச் சேர்த்துக் கூட்டத்தை எழுப்பிவிடுகிறார். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

இந்த மூன்றிலும் படிக்கிறவர், பேசுகிறவர் பெரும்பாலும் பெரியவர்கள். இளைஞர்கள் நாற்காலி போடவும் ஒலிபெருக்கி கட்டவும் அழைக்கப்படுகிறார்கள். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். ஆண்டுக்கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதை எழுபது வயதுச் செயலாளரிடமிருந்து வாங்கி ஓர் இருபது வயதுப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். வரவுசெலவில் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்பார்; அவள் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். தங்கள் வாசகசாலையில் நாளிதழ் வருகிறதென்றால், மாலையில் ஒருவர் அன்றைய தலையங்கத்தை உரக்கப் படிக்க, கேரம் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே கேட்கலாம். மறுத்துப் பேசத் தொடங்கினால் ஆட்டம் தானாக நின்றுவிடும்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். உரையை நானே எழுதிக் கொடுக்கலாமா?
– அரசு ஊழியர், திங்கள்நகர்

பதில்: வேண்டாம். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் முதல் மூன்று பரிசுகள் ரூ.5,000, ரூ.3,000, ரூ.2,000 என்று வழங்கப்படுகின்றன. அந்தத் தொகைக்காகவும் சான்றிதழுக்காகவும் பெற்றோர் எழுதிக் கொடுத்த உரைகளை, கையை எங்கே உயர்த்த வேண்டும் என்பது உட்பட மனப்பாடம் செய்துகொண்டு வரும் பிள்ளைகளை நடுவர் நாற்காலியில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் மறந்தால் முதலிலிருந்து தொடங்குவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை நாற்பத்தைந்து வயதுக்காரரின் வாக்கியங்களைப் பேசுவது நடுவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தலைப்பைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து, அதைக் கேட்டு அவளையே எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளில் தங்களுக்கு விளங்காத இடங்களுக்குப் பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். மாற்றி எழுதுவது அவள் வேலை. தகவல் பிழை இருந்தால், பள்ளி நூலகத்தில் எந்த நூலைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். போட்டியன்று முன் வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைக்காமல் இருங்கள். பரிசு கிடைக்காவிட்டால், பள்ளிக் கலைத் திருவிழாவில் பேச்சுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.